முழங்காலுக்குள் இருக்கிறது விலை

ஹொண்டாவின் மனித உருவ ரோபோ அசிமோ 2000ஆம் ஆண்டில் நடந்து காட்டியது. கடைசிவரை விற்பனைக்கு வரவில்லை. 2024இல் சீனாவின் யுனிட்ரீ, ஜி1 என்ற மனித உருவ ரோபோவை 16,000 டொலர் தொடக்க விலையில் அறிவித்தது. அடுத்த ஆண்டே ஆர்1, 5,900 டொலர். பட்டியல் விலையைப் பார்த்தால் புதிய நாலு சில்லு உழவு இயந்திரத்தைவிடக் குறைவு.

விலை விழுந்ததற்கு ஒரு முக்கிய காரணம் மூட்டுகள். பழைய முறையில், சின்ன மோட்டரை வேகமாகச் சுழலவிட்டு, நூறு மடங்கு வரை வேகத்தைக் குறைக்கும் நுட்பமான கியரால் பலம் எடுப்பார்கள். அந்தக் கியர் விலை கூடியது. அதைவிடப் பெரிய தொல்லை, வெளியிலிருந்து தள்ளினால் அது இளகாது. முதலாம் கியரில் விட்டு எஞ்சினை நிறுத்திய லான்ட்மாஸ்டரை, அதாவது இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை, தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ரோபோவின் கால் கல்லில் இடறினால் அந்த அடி முழுவதும் கியர்ப் பல்லில்தான் விழும்.

புதிய முறையில் மோட்டர் தட்டையாக, அகலமாக இருக்கும். கியர் வேகத்தைக் குறைப்பது மிகக் குறைந்த மடங்குதான். பாதத்தில் படும் விசை மோட்டர் வரை திரும்பி வரும். மோட்டர் இழுக்கும் மின்னோட்டத்தை வைத்தே மூட்டின் விசையைக் கணிக்கலாம் என்பதால் விலை கூடிய விசைச் சென்சரும் வேண்டாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மினி சீட்டா என்ற நாலுகால் ரோபோ இந்த வழியைப் பிரபலமாக்கியது. அங்குள்ள பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் கியரையே முப்பரிமாண அச்சுப்பொறியில் பிளாஸ்ரிக்கில் அச்சிட்டு, 5,000 டொலருக்குள் முழு ரோபோவையும் செய்து, வரைபடங்களை எல்லோருக்கும் திறந்து விட்டார்கள்.

சரி, வன்னியில் எவரும் கேட்கக்கூடிய கேள்விக்கு வருவோம்: வரம்பு கட்டுமா, களை பிடுங்குமா? இப்போதைக்கு இல்லை. இவை நடக்கப் பழகுவது கணினிக்குள். ஆயிரக்கணக்கான நகல்கள் ஒரே நேரத்தில் விழுந்து எழும்பிக் கற்கின்றன. அங்கே தரை பெரும்பாலும் இறுகிய தரை. மாரிகாலச் சேற்றில் கால் புதைவது வேறு கணக்கு. கண்ணிவெடி அகற்றவும் இரண்டு கால் தேவையில்லை, சங்கிலிச் சில்லு போதும்.

இன்னொரு சிக்கல் சூடு. கியரின் மடங்கு சிறிதானதால், முழங்காலை மடித்துச் சும்மா நிற்கவும் மோட்டர் நிறைய மின்னோட்டம் இழுக்கும். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பிச்சுருளின் சூடு நான்கு மடங்காகும். ஜி1இன் பற்றரி ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம்தான் தாங்கும். வன்னி வெயிலில் மோட்டரின் சூடு ஆறவும் நேரமெடுக்கும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்குள்ள மாணவர்களுக்கு முழு ரோபோவைவிட ஒரு கால் நல்ல தொடக்கம் என்பேன். திறந்த வரைபடத்தில் ஒரு காலை மட்டும் அச்சிட்டு, ஒரு சட்டகத்தில் பூட்டி, சித்திரை மத்தியான வெயிலில் முழங்காலை மடித்து நிறுத்தி, மோட்டர் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு சூடாகிறது என்று அளக்கலாம்.