வாய் கோணிக்கொண்டதா? முதலில் நெற்றியைப் பாருங்கள்

காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஓர் ஓரமாக ஒழுகும். கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும், மறுபக்கத்துக் கண் மூடாது. வடசென்னையில் இதற்குச் சட்டென்று கிடைக்கும் விளக்கம்: "இன்னாபா, பஸ்ல ஜன்னலோரம் குந்தினு வந்தியா? காத்து அடிச்சிருக்கும்." அடுத்தது எண்ணெய்த் தடவல், அதற்கடுத்தது தெருமுனை கிளினிக்கில் 'நரம்பு ஊசி'. இப்படியே ஒரு வாரம் ஓடிவிடும். முக நரம்பு கெட்டு வரும் முகவாதம் என்ற இந்த நோயில் மருந்துக்குப் பலன் அதிகம் இருப்பதோ முதல் 72 மணி நேரத்தில்தான்.

முதல் வேலை, பக்கவாதமா என்று பார்ப்பது. புருவங்களை மேலே தூக்கச் சொல்லுங்கள். நெற்றித் தசைகளுக்கு மூளையின் இரு பாதியிலிருந்தும் கட்டளை வருவதால், பக்கவாதத்தில் வாய் கோணினாலும் நெற்றி பொதுவாக இருபுறமும் சுருங்கும். முக நரம்பே கெட்டிருந்தால் அந்தப் பக்க நெற்றி வழவழவென்று அசையாமல் நிற்கும். முகவாதத்தில் ப, ம போன்ற உதட்டெழுத்துகள் கொஞ்சம் குழறும், அது வேறு. வார்த்தையே வராமல் திணறினாலோ, கை கால் ஒரு பக்கம் தளர்ந்தாலோ, நெற்றி இருபுறமும் சுருங்கினாலோ, அல்லது உங்களுக்கே சந்தேகமாக இருந்தாலோ உடனே 108. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே கெடு.

முகம் கோணினால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் ஏன் போக வேண்டும் என்று பலர் கேட்பதுண்டு. முகத்தை அசைக்கும் 7ஆவது நரம்பு, கேட்கும் நரம்போடு சேர்ந்தே காது எலும்புக்குள் நுழைகிறது. அங்கே ஏறக்குறைய 3 செ.மீ. நீளமுள்ள எலும்புக் குழாய்க்குள் வளைந்து, நடுக்காதைத் தாண்டி, காதுக்குப் பின்னால் வெளியே வருகிறது. அந்தக் குழாயின் மிகக் குறுகிய இடம் 1 மி.மீ.கூட இல்லை. நரம்பு வீங்கினால் விரிய இடமில்லாமல் தன்னைத்தானே நெரித்துக்கொள்ளும். காதுக்குப் பின்னால் வலி, பாதி நாக்கில் ருசி போவது, பாத்திரம் விழும் சத்தம்கூட காதில் அறைவது, எல்லாம் இதே நரம்பின் கிளைகள் செய்யும் வேலை.

காரணம் தெரியாமல் வரும் இந்த முகவாதத்துக்குப் பெல்ஸ் பால்சி என்று பெயர். டென்மார்க்கில் சிகிச்சை தராமலே தொடர்ந்து கவனிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2002இல் வெளியானது. அவர்களில் 71 சதவீதம் பேருக்குத் தானாகவே முழுவதும் சரியாகியிருந்தது. எந்த வைத்தியம் பார்த்தாலும் பத்தில் ஏழு பேர் தேறிவிடுவார்கள் என்பதால் எண்ணெய்க்கும் பேர், மந்திரித்தவருக்கும் பேர், வைட்டமின் ஊசிக்கும் பேர். மிச்சம் மூன்று பேருக்குத்தான் கொஞ்சமாகவோ அதிகமாகவோ குறை நின்றுவிடுகிறது. அந்த மூவர் யார் என்று முதல் நாளே முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

2007இல் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்குப் பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு 25 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு வேளை, 10 நாள் கொடுத்தார்கள். ஒன்பதாவது மாதத்தில் 94.4 சதவீதம் பேர் முழுக் குணம். ஸ்டீராய்டு பெறாதவர்களில் 81.6. அசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தை மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை.

இதைப் படித்துவிட்டு மெடிக்கலில் நேரே மாத்திரை வாங்காதீர்கள். சர்க்கரை உள்ளவருக்கு இந்த அளவு ஸ்டீராய்டு சர்க்கரையை எகிற வைக்கும். தினமும் பார்த்து, தேவையென்றால் அந்தப் பத்து நாளும் இன்சுலின் போட வேண்டிவரும். காசநோய், குடல்புண், கர்ப்பம் இருந்தால் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: மாத்திரை தொடங்கிய பிறகும் இரண்டு மூன்று நாள் முகம் மேலும் இழுக்கலாம். அது நோயின் போக்கு, மருந்தின் குற்றமல்ல. இந்த இடத்தில் பயந்துபோய் மருந்தை நிறுத்துபவர்கள் ஏராளம்.

காதுக்குள் விளக்கடித்துப் பார்க்காமல் பெல்ஸ் பால்சி என்று யாரும் எழுதித் தரக் கூடாது. காது மடலிலோ துவாரத்திலோ கொப்புளம், கூடவே எரிச்சல், தலைசுற்றல், காது மந்தம் என்றால் அது அக்கி. 1907இல் ராம்சே ஹன்ட் விவரித்த வகை. நம் பக்கத்தில் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வார்கள். எழுதினால் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அதே நாளில் வைரஸ் மருந்தும் ஸ்டீராய்டும் தொடங்க வேண்டும். பல வருடமாகக் காதில் நாற்றத்தோடு சீழ் வடிபவருக்கு முகம் கோணினால், எலும்பை அரிக்கும் சதை நரம்பைத் தொட்டிருக்கலாம். அதற்கு ஆபரேஷன்தான் வழி. வயதான சர்க்கரை நோயாளிக்கு இரவில் தூங்கவிடாத காது வலி, பிறகு முகம் கோணல் என்றால் கிருமி மண்டையோட்டின் அடி எலும்பு வரை போயிருக்கக்கூடும். பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. இவருக்கு வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் வேண்டும். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நிலைமை கைமீறும். ஊக்கு, வண்டிச் சாவி, காய்ச்சிய எண்ணெய் எதுவும் இவர்கள் காதுக்குள் போகவே கூடாது.

அவசரம் முகத்தை விடக் கண்ணுக்குத்தான். காசிமேட்டில் உப்புக்காற்று, எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிப் புழுதி, மணலிப் பக்கம் தூசு. இமைக்காத கண்ணின் கருவிழி இதில் சீக்கிரம் காய்ந்து புண்ணாகும். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து ஒன்று அல்லது இரண்டு மணிக்கொரு தரம். வெளியே போனால் பக்கமும் மூடிய கண்ணாடி. இரவில் கீழிமையை இழுத்து அரை அங்குல நீளம் கண் களிம்பு பிதுக்கி, மேலிமையை விரலால் கீழே இறக்கிப் பிடித்து, காகித டேப்பை இமை நடுவிலிருந்து வெளிப்புறக் கன்ன எலும்பை நோக்கிச் சாய்வாக ஒட்டுங்கள். கண்ணாடியில் பாருங்கள், வெள்ளை தெரிந்தால் பிரித்து மறுபடி ஒட்டவும். திறந்த கண்மேல் பஞ்சை வைத்துக் கட்டினால் பஞ்சே கருவிழியை உரசும். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கண் டாக்டர். கண் சிவப்புக்கென்று கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருக்கலாம், புண்ணுள்ள கண்ணுக்கு அது ஆகாது.

பயிற்சி மெதுவாக, கண்ணாடி முன்னால், ஒவ்வொரு தசையாக. பலூன் ஊதுவதும் சூயிங்கம் மெல்லுவதும் முகத்தை முழு மூச்சாக இழுக்கவே பழக்கும். பிசியோதெரபியில் முகத்துக்குக் கரண்ட் வைப்பதன் பலனுக்கு நல்ல ஆதாரம் இல்லை. அதற்குத் தினம் ஆட்டோ பிடித்து அலைவதைவிட அந்தக் காசுக்குக் கண் சொட்டு மருந்து வாங்கலாம் என்பது எங்கள் கருத்து.

பெரும்பாலோருக்கு மூன்று வாரத்துக்குள் அசைவு திரும்பத் தொடங்கும். மூன்று மாதமாகியும் ஓர் இழைகூட அசையவில்லை, அல்லது கோணல் ஒரே ராத்திரியில் வராமல் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது என்றால் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கட்டி இருக்கிறதா என்று தேட வேண்டும். மூடவே மூடாத இமைக்குள் சுமார் ஒரு கிராம் தங்கத் தகடு வைத்துத் தைப்பதுண்டு. அதன் கனத்தில் இமை இறங்கும். சாப்பிடும்போது கண் தானாக மூடிக்கொள்ளும் தொல்லை சில மாதம் கழித்து வந்தால், அதற்குத் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி இருக்கிறது. அதன் பலன் மூன்று நான்கு மாதம் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும்.