டிரான்ஸ்மிஷன் என்றால் ‘பரிமாற்றம்’ இல்லை

ஆட்டோமேட்டிக் கார்களைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ‘தானியங்கிப் பரிமாற்றக் கட்டுப்பாட்டுத் தொகுதி’ என்று ஒன்று வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் டிரான்ஸ்மிஷன் கன்ட்ரோல் மாட்யூல், மெக்கானிக்குகள் சுருக்கமாக டி.சி.எம். என்கிற, கியர் மாற்றத்தைக் கவனிக்கும் அந்தச் சின்னக் கணினிப் பெட்டிக்குத்தான் இத்தனை நீளப் பெயர். இதில் ‘கட்டுப்பாடு’ ஒன்றுதான் தேறும்.

டிரான்ஸ்மிஷன் என்ற சொல்லின் மூலம் லத்தீன். டிரான்ஸ் என்றால் அப்பால், மிட்டெரெ என்றால் அனுப்புதல். எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். இதே சொல் வானொலியில் ஒலிபரப்பு ஆனது, நோயில் பரவல் ஆனது. அங்கெல்லாம் இடம் பார்த்துச் சொல் போட்டவர்கள் காருக்கு மட்டும் ஏன் கைக்குக் கிடைத்ததை ஒட்டினார்களோ!

கருத்துப் பரிமாற்றம், பண்டப் பரிமாற்றம் என்று, கொடுத்து வாங்கும் இடத்தில் வருகிற சொல் அது. கியர்பெட்டி யாரிடம் எதை வாங்குகிறது? மலை இறக்கத்தில் சின்ன கியரில் போகும்போது சக்கரம்தானே எஞ்சினைச் சுற்றுகிறது, அப்போது விசை திரும்பி வருகிறதே என்று நண்பர் ஒருவர் மடக்கினார். கெட்டிக்கார வாதம்தான், ஆனால் அதை யோசித்தா பெயர் வைத்தார்கள்? அந்தப் பெட்டியின் முக்கிய வேலை வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப கியரை மாற்றுவது, அது ‘பரிமாற்ற’த்தில் எங்குமே தெரியவில்லை. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் காரில் வந்த ஹைட்ரா-மேட்டிக் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியில் எப்போது மாற்றுவது என்பதை எண்ணெய் அழுத்தமும் வால்வுகளுமே பார்த்துக்கொண்டன. இப்போது டி.சி.எம். வண்டியின் வேகம், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறோம், கியர் ஆயிலின் சூடு எல்லாவற்றையும் உணரிகள் வழியாக வாங்கி, மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வுகளை இயக்கி, எந்தக் கிளட்ச் பிடிக்க வேண்டும், எது விட வேண்டும் என்று தீர்மானிக்கிறது. ஓவர்டேக் செய்ய மிதியை முழுசாக அழுத்தினால் சட்டென்று கியர் இறங்கி எஞ்சின் உறுமுகிறதே, அது இதன் வேலைதான்.

‘தானியங்கி’, ‘தொகுதி’ என்ற மற்ற இரண்டும் சளைத்தவையல்ல. ஆட்டோமொபைல் பொறியியலையே தானியங்கிப் பொறியியல் என்கிறவர்கள் உண்டு, அப்படியிருக்க ‘தானியங்கிப் பரிமாற்றம்’ என்றால் கார் கைமாறுகிறது என்றுகூடப் படிக்கலாம். தொகுதி என்றதும் எனக்கு வேட்பாளர்தான் நினைவுக்கு வருகிறார்.

தனித்தமிழ்தான் வேண்டும் என்றால் பல்லிணைப்பெட்டி இருக்கிறது. பல்லும் பல்லும் இணைவது கண்ணுக்குத் தெரிகிற நல்ல சொல். என் ஓட்டு ‘தானியங்கிக் கியர்பெட்டி’, ‘கியர்க் கட்டுப்பாட்டுக் கருவி’ இரண்டுக்கும். கியர் ஆங்கிலமாச்சே என்பவர்கள் பரிமாற்றத்தை ஒரு டிரைவரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

அப்புறம் இந்த லிம்ப் மோடு. உணரியோ சோலனாய்டோ பழுதானால், கியர்பெட்டி மேலும் கெடாமல் இருக்க டி.சி.எம். வண்டியை ஏதோ ஒரு கியரிலேயே ஓடவிடும், மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை போய்ச் சேரலாம். இதை ‘தளர்வான பயன்முறை’ என்று மொழிபெயர்த்திருந்ததைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் ‘லிம்ப்’ என்ற சொல்லுக்குத் துவண்டது, நொண்டுவது என்று இரண்டு பொருள், ஐயா தவறானதைப் பிடித்துவிட்டார். ‘நொண்டி ஓட்டம்’ என்று போட்டிருந்தால் யாருக்கும் விளக்கமே தேவைப்பட்டிருக்காது.