நோ மாஸ்: சொல் விளக்கம்

தமிழ்க் காதில் இந்தச் சொல் முதலில் தவறாகத்தான் விழும். ‘மாஸ்’ என்றதும் நமக்குத் திரையரங்கு விசிலும் நாயகனின் அறிமுகக் காட்சியும் நினைவுக்கு வரும். அந்த மாஸ் ஆங்கிலம். இது ஸ்பானிஷ். ‘நோ’ என்றால் இல்லை, வேண்டாம். ‘மாஸ்’ என்றால் இன்னும், மேலும், அதிகம். ‘மாகிஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. லத்தீன் அமெரிக்காவில் இரண்டையும் சேர்த்து ‘நோமாஸ்’ என்றால் ‘சும்மா’, ‘அவ்வளவுதான்’ என்றுகூடப் பொருள்படும். வீட்டிலும் கடையிலும் புழங்கும் எளிய சொல்.

குத்துச்சண்டையில் இதன் பொருள் வேறு. கீழே விழாமல், நடுவரோ மருத்துவரோ நிறுத்தாமல், நல்ல நினைவோடு நிற்கும் வீரன், ‘இதற்கு மேல் மாட்டேன்’ என்று தானாகவே விலகிக்கொள்வது. இந்தப் பொருள் பிறந்த நாளும் நமக்குத் தெரியும்: 1980 நவம்பர் 25. இடம், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள சூப்பர்டோம் அரங்கம்.

விலகியவர் பனாமாவின் ராபர்ட்டோ டுரான். எல் சோரியோ என்ற ஏழைப் பகுதியில் வளர்ந்தவர். ‘கல் கைகள்’ என்பது அவருடைய பட்டப்பெயர். 1972இல் கென் புக்கானனை வென்று லைட்வெயிட் உலகப் பட்டம் பெற்றவர், அந்த எடைப் பிரிவில் வருடக்கணக்கில் அசைக்க முடியாதவராக இருந்தார். பிறகு அதைவிட எடை கூடிய வெல்டர்வெயிட்டுக்கு ஏறி, 1980 ஜூனில் மான்ட்ரியலில், அப்போதைய சாம்பியனான அமெரிக்காவின் சுகர் ரே லெனர்டை 15 சுற்றுச் சண்டையில் தோற்கடித்தார். அதுவரை 73 சண்டைகள், ஒரே ஒரு தோல்வி.

ஐந்தே மாதத்தில் மறுசண்டை. வெற்றிக் கொண்டாட்டத்தில் ஏறிய எடையை டுரான் அவசர அவசரமாக இறக்க வேண்டியிருந்தது. மான்ட்ரியலில் அவரோடு நேருக்கு நேர் நின்று மோதிய லெனர்ட், இம்முறை நிற்கவே இல்லை. சுற்றிச் சுற்றி வந்து அடித்தார். ஏழாம் சுற்றில் முகத்தை நீட்டிக் காட்டினார். வலது கையைப் பெரிதாகச் சுழற்றிப் போக்குக் காட்டிவிட்டு, இடது கையால் மூக்கில் குத்தினார். அரங்கம் சிரித்தது. எட்டாம் சுற்று முடிய 16 விநாடிகள் இருந்தபோது டுரான் கையை உதறிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பினார். நடுவர் ஒக்தாவியோ மெய்ரானுக்கே முதலில் புரியவில்லை. தன் காதில் ‘நோ மாஸ்’ என்று விழுந்ததாக அவர் பிறகு சொன்னார்.

மூன்று நீதிபதிகளின் கணக்கிலும் லெனர்ட் ஒன்றிரண்டு புள்ளிகளே முன்னே இருந்தார். டுரானுக்குப் பெரிய அடி எதுவும் விழவில்லை. அதனால்தான் உலகம் அவரை மன்னிக்கவில்லை. இந்த விளையாட்டில் தோற்பது குற்றமல்ல. 1975இல் மணிலாவில் முகமது அலியோடு மோதிய 14 சுற்றுகளுக்குப் பிறகு, கண்கள் வீங்கி மூடிய ஜோ ஃபிரேசியரை அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் எழுந்திருக்க விடவில்லை. ஃபிரேசியரை யாரும் கோழை என்று சொன்னதில்லை. நிறுத்தும் பொறுப்பை இன்னொருவர் சுமந்தால் வீரனின் மானம் தப்பிக்கும். அந்தப் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டதுதான் டுரானின் குற்றம்.

வயிற்றுப் பிடிப்பு வந்தது என்றார் டுரான். ‘நோ மாஸ்’ என்று தான் சொல்லவே இல்லை என்றும் சாதித்தார். இந்தக் கோமாளியோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை, இதுதான் நான் சொன்னது என்பது அவர் தரப்பு.

தமிழில் என்ன சொல்லலாம்? சொல்லுக்குச் சொல் ‘இனி இல்லை’ என்று பெயர்த்தால் இரங்கல் செய்தி போலிருக்கும். ‘சரணடைதல்’ சரியில்லை, சரணடைகிறவன் எதிரியின் தயவை வேண்டுகிறான், டுரான் வேண்டவில்லை. ‘புறங்காட்டல்’ என்ற பழைய சொல் கண்ணுக்குப் பொருந்துகிறது, உண்மையிலேயே முதுகைத்தான் காட்டினார். ஆனால் அந்தச் சொல்லில் அச்சம் இருக்கிறது. வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்டதற்கே நாணி வடக்கிருந்து உயிர் விட்டான் சேரன். வென்ற கரிகாலனிடமே, அவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று வெண்ணிக்குயத்தியார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. புறத்தைப் பற்றிய நம் சொற்களில் அவ்வளவு மானமும் அவமானமும் ஏறிக் கிடக்கின்றன. அன்று டுரானிடம் நான் காண்பது அச்சமல்ல. எள்ளலைத் தாங்க முடியாத கோபம்.

என் தேர்வு ‘போதும்’. ‘போதுதல்’ என்றால் நிறைதல், போதுமான அளவாதல். பந்தியில் இலையின் மேல் கையை மறித்துச் சொல்வதும் இதுதான், அடிபட்டவர் கெஞ்சிச் சொல்வதும் இதுதான், வெறுத்துப்போனவர் எழுந்து போகும்போது சொல்வதும் இதுதான். எந்தப் ‘போதும்’ என்பதைக் குரல்தான் தீர்மானிக்கும். ‘நோ மாஸ்’ என்பதிலும் அதே திறப்பு இருக்கிறது. டுரானின் தரப்பைச் சொல்லவும் நம்மிடம் தெருப்பிள்ளைகளின் வாக்கியம் இருக்கிறது: ‘உன்கூட நான் ஆட்டத்துக்கு வரல.’ தோற்றேன் என்று சொல்லாமல் விலகுவதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன மொழியை நான் அறியேன்.

‘நோ மாஸ்’ என்ற அந்த ஒரு சொல் டுரானின் வாழ்க்கைக் கணக்கையே விழுங்கப் பார்த்தது. முடிந்துபோனவர் என்று கைகழுவப்பட்டவர், 1983 ஜூன் 16இல், தன் 32ஆவது பிறந்தநாளில், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் டேவி மூரை வீழ்த்தி மூன்றாவது எடைப் பிரிவில் பட்டம் வென்றார். அரங்கமே பிறந்தநாள் பாட்டுப் பாடியது. அதே ஆண்டு நவம்பரில் மிடில்வெயிட் சாம்பியன் மார்வின் ஹாக்லரோடு 15 சுற்றும் நின்று, புள்ளிகளில்தான் தோற்றார். 1989இல், 37 வயதில், தாமஸ் ஹெர்ன்ஸை வீழ்த்தியிருந்த ஐரன் பார்க்லியைப் பதினோராம் சுற்றில் தரையில் சாய்த்து மிடில்வெயிட் பட்டம் பெற்றார். நான்கு எடைப் பிரிவுகள், 119 சண்டைகள், 103 வெற்றிகள். 1968இல் தொடங்கி 2001வரை களத்தில் இருந்தவர். விலகிப் போகிறவர் என்ற பெயர் இப்படிப்பட்டவருக்குப் பொருந்தவே பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம். லெனர்டுக்கும் இதில் இழப்புண்டு: அவர் வகுத்த அற்புதமான உத்தியை விட்டுவிட்டு, ஊர் டுரானின் வாயைப் பற்றியே பேசுகிறது.

சொல் மட்டும் தனியே வளர்ந்தது. யுக்ரேனின் குத்துச்சண்டை வீரர் வசீல் லொமச்சென்கோவின் எதிராளிகள், சுற்றுகளுக்கு இடையே உட்காரும் முக்காலியிலிருந்து அடுத்தடுத்து எழ மறுத்தபோது, 2017இல் கியர்மோ ரிகொந்தோவும் அப்படியே உட்கார்ந்துவிட, ‘நோமாஸ்சென்கோ’ என்று அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

தமிழில் எழுதுகிறவர்கள் பெயராக வரும் இடத்தில் ‘நோ மாஸ் சண்டை’ என்றே வைத்துக்கொள்ளலாம். செயலைச் சொல்லும் இடத்தில் ‘சரணடைந்தார்’ வேண்டாம், ‘புறமுதுகிட்டார்’ வேண்டாம். எட்டாம் சுற்றில், 16 விநாடிகள் மீதமிருக்க, டுரான் போதும் என்று விலகினார்.