கான்கிரீட் வீட்டில் ஸ்டீரியோ: முதலில் கை தட்டிப் பாருங்கள்

1960இல் கரோல் புயல் அடித்துப் போன பிறகு, மொரிஷியஸில் மரமும் தகரமும் குறைந்து கான்கிரீட் வீடுகள் பெருகின. புயலுக்கு அசையாத அந்தச் சுவர்தான் பாட்டுக்குப் பகை. ரோஸ் ஹில்லில் இருந்தாலும் கியூர்பீப்பில் இருந்தாலும் வீட்டு ஸ்டீரியோவின் தரத்தை முதலில் தீர்மானிப்பது அறை. அடுத்தது ஸ்பீக்கரும் அதை வைக்கும் இடமும். ஆம்ப்ளிஃபயர், கேபிள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். ஓசை ‘டர்ர்ர்’ என்று நடுங்கி அடங்கினால், எதிரெதிர்ச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். பூசிய சுவரும் டைல்ஸ் தரையும் தம்மேல் படும் ஒலியில் ஏறத்தாழ 2 சதவீதத்தையே உறிஞ்சும். 5 மீட்டர் நீளம், 3.5 அகலம், 2.8 உயரமுள்ள வெற்று அறையில், அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபீன் தந்த சூத்திரப்படி, ஒலி 60 டெசிபல் இறங்க 4 விநாடிக்கு மேல் ஆகும். பாட்டுக் கேட்க அரை விநாடிக்கும் குறைவாக இருப்பது நல்லது. சோபா, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை, ஸ்பீக்கருக்கு முன்னே ஒரு கம்பளம், இவையே பாதி வேலையைச் செய்துவிடும்.

பேஸ் எனும் தாழ்ந்த முழக்க ஒலி அப்படி எளிதில் அடங்காது. அதே அறையில் நீளவாக்கில் 35 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 49, உயரவாக்கில் 62 என நிலையலைகள், அதாவது சுவர்களுக்கிடையே ஓரிடத்தில் வீங்கி ஓரிடத்தில் மறையும் அலைகள், எழும். பின்சுவரோடு ஒட்டி உட்கார்ந்தால் 35 ஹெர்ட்ஸ் வீங்கித் தெரியும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் காணாமலே போகும். சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) வாங்குமுன் நாற்காலியை அரை மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். ஸ்பீக்கரின் முகம் அதன் பின்னால் உள்ள சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியைத் தணித்து அங்கே ஒரு பள்ளம் உண்டாக்கும். பக்கச்சுவரும் அதே தூரத்தில் இருந்தால் அந்தப் பள்ளம் இன்னும் ஆழமாகும். இரண்டு தூரமும் வேறுவேறாக இருக்கட்டும்.

நீங்கள் இருக்கையில் இருக்க, இன்னொருவர் பக்கச்சுவரோரம் கண்ணாடியை நகர்த்தட்டும். கண்ணாடியில் உங்களுக்கு ஸ்பீக்கர் தெரியும் இடத்தில்தான் ஒலியும் பட்டுத் திரும்பும்; அங்கே 10 சென்டிமீட்டர் கனமுள்ள ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகையைத் துணி சுற்றி மாட்டுங்கள். செலவு செய்யுமுன், அங்கே ஒரு மெத்தையைச் சாய்த்து வைத்துக் கேளுங்கள். பாடுபவரின் சொல் தெளிவது உடனே தெரியும். 2 சென்டிமீட்டர் ஃபோம் வீண். அது கீச்சொலியை மட்டும் தின்றுவிட்டு முழக்கத்தை அப்படியே விட்டுவிடும்.

குரல் நடுவில் நிற்காமல் சிதறி, பேஸும் மெலிந்தால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 4 மீட்டர் தூரத்துக்குப் போய்வர அதன் மின்தடை 0.06 ஓமுக்கும் குறைவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது போதும். ஆம்ப்ளிஃபயரின் 50 வாட்டை 100 ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான்.

நம் தீவின் ஈரக்காற்றில் ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பு நாளடைவில் பிசுபிசுத்து உதிரும். ரப்பர் விளிம்பு நெடுநாள் தாங்கும். உதிர்ந்தால் விளிம்பை மட்டும் மாற்றி ஒட்டலாம். பசை காயுமுன் கூம்பைச் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசும் ஓசை கேட்டால் கூம்பின் பின்னுள்ள கம்பிச்சுருள் நடுவில் இல்லை. அப்போதே நகர்த்திச் சரிசெய்துவிட வேண்டும்.