காய்ச்சலும் இலை மஞ்சளும்: அறிகுறி எங்கிருந்து வருகிறது?

காய்ச்சலைக் கிருமி உண்டாக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் உடம்பைச் சூடாக்குவது உடம்பேதான். கிருமி உள்ளே வந்ததைக் கண்டுகொண்ட நோயெதிர்ப்புச் செல்கள் சில புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன, அவற்றின் தூண்டுதலில் மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸில் புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள் கூடுகிறது, உடனே அது உடம்புக்கு வைத்திருக்கும் வெப்ப அளவை 37 டிகிரியிலிருந்து, உதாரணமாக, 39க்கு ஏற்றிவிடுகிறது. உடம்பு இன்னும் 37இல்தான் நிற்கிறது, மூளை கேட்பதோ 39. அதனால்தான் குளிர்கிறது, தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தசைகள் நடுநடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. தொட்டால் சுடுகிற ஆள் போர்வை கேட்பதன் காரணம் இதுதான். பாராசிட்டமால் அந்தப் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கும், கிருமியைத் தொடாது.

செடியிலும் இதே கதை உண்டு. இலையில் சின்னச் சின்னதாகப் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை தின்ற இடம் என்று தோன்றும். சில சமயம் அப்படித்தான் இருக்கும். ஆனால் பல சமயம், பூஞ்சை நுழைந்த இடத்தைச் சுற்றியுள்ள செல்களைச் செடியே கொன்றுவிடுகிறது. உயிருள்ள செல்லில் மட்டுமே வளரக்கூடிய பூஞ்சை அதற்குமேல் நகர முடியாமல் அங்கேயே நின்றுபோகும். அப்போது அந்தப் புள்ளி, செடி ஜெயித்ததற்கான அடையாளம்.

அறிகுறியையும் நோயையும் இணைப்பது ஏன் இவ்வளவு கஷ்டம் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. நோய்கள் ஆயிரக்கணக்கில் உண்டு, ஆனால் உடம்புக்குத் தெரிந்த பதில்கள் கொஞ்சம்தான்: காய்ச்சல், வலி, வீக்கம், இருமல், வாந்தி, பேதி, சோர்வு. செடிக்கு இன்னும் குறைவு. மஞ்சளாகும், வாடும், சுருளும், கருகும், புள்ளி விழும், அப்புறம் குட்டையாகிப் போகும். நூறு காரணங்கள் ஒரே அறிகுறியில் வந்து சேர்வதில் ஆச்சரியமில்லை.

சரி, கிருமி நேரடியாக உண்டாக்கும் அறிகுறிகளே இல்லையா? இருக்கின்றன, அவற்றைப் படிப்பது எனக்கு எப்போதுமே பிடிக்கும். காலரா பாக்டீரியா சிறுகுடலின் சுவரைப் பெரிதாகச் சிதைப்பதில்லை. அது விடும் நச்சு குடல் செல்லுக்குள் ஒரு சுவிட்சைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது, குளோரைடு உப்பு இடைவிடாமல் குடலுக்குள் கொட்டுகிறது, அதன் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. செடியில் இதற்கு இணை, நெல்லில் வரும் பக்கானே நோய். இந்த நோய் கண்ட நாற்று மற்ற நாற்றுகளைத் தாண்டி ஒல்லியாக, வெளிறி, விறுவிறுவென்று உயரும், பிறகு சாயும். ஜப்பானிய விஞ்ஞானி குரோசாவா 1926இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்: பூஞ்சையே வேண்டாம், அது வளர்ந்த திரவத்தை வடிகட்டிக் கொடுத்தாலே நாற்று அப்படி உயர்கிறது. அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1935இல் கிப்பரெலின் என்று இன்னொரு ஜப்பானிய விஞ்ஞானி யாபுடா பெயர் வைத்தார். செடிகள் தங்கள் வளர்ச்சிக்குத் தாங்களே தயாரிக்கும் ஹார்மோன் அது என்பது பின்னால்தான் தெரிந்தது. பூஞ்சை, செடியின் சொந்த ஹார்மோனையே அளவுக்கு மீறிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

இதைவிட வியப்பானது, காயம் வழியே வரும் டெட்டனஸும் பெரும்பாலும் கெட்ட உணவால் வரும் பொட்டுலிசமும். இரண்டையும் உண்டாக்குவது ஒரே குடும்பத்து பாக்டீரியாக்கள். டெட்டனஸ் நச்சும் பொட்டுலினம் பி வகை நச்சும் நரம்பு முனையில் உள்ள ஒரே புரதத்தை, அதுவும் அந்தப் புரதத்தின் ஒரே புள்ளியில், வெட்டுகின்றன. ஆனாலும் டெட்டனஸில் தாடை இறுகி உடம்பே வில்லாக வளைகிறது, பொட்டுலிசத்தில் தசைகள் தொய்ந்து இமைகூடத் தூக்க முடியாமல் போகிறது. காரணம், அந்த வெட்டு நடக்கும் நரம்பு வேறு. பொட்டுலினம் தசையைச் சேரும் நரம்பு முனையிலேயே தங்கித் தசைக்குப் போகும் கட்டளையை நிறுத்துகிறது. டெட்டனஸ் நச்சு நரம்பு வழியே தண்டுவடம் வரை ஏறி, தசையை அடக்கி வைக்கும் நரம்புகளை ஊமையாக்குகிறது. அடக்க ஆளில்லாமல் தசை இறுகுகிறது. என்ன நடக்கிறது என்பதோடு எங்கே நடக்கிறது என்பதும் சேர்ந்துதான் அறிகுறியாகிறது.

அதனால் அனுபவமுள்ள மருத்துவரும் சரி, பயிர் நோய் பார்ப்பவரும் சரி, 'மஞ்சளாக இருக்கிறது' என்பதோடு நிறுத்துவதில்லை. எங்கே மஞ்சள், எதற்குப் பிறகு மஞ்சள், கூடவே வேறென்ன என்று கேட்பார்கள். செடியின் அடி இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் தழைச்சத்தைப் பழைய இலையிலிருந்து பிரித்தெடுத்துப் புதுத் தளிருக்கு அனுப்பச் செடியால் முடியும். இரும்புச்சத்தை அப்படி எளிதில் இடம் மாற்ற முடியாது. எனவே அது குறைந்தால் பழைய இலை பச்சையாகவே இருக்க, நுனித் தளிர் வெளுக்கும், நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரியும். மண்ணில் இரும்பு நிறைய இருந்தும் இப்படி வரலாம், காரத்தன்மை கூடிய மண்ணில் வேரால் அதை எடுக்க முடியாது.

மனித உடம்பின் மஞ்சளையும் இப்படித்தான் பிரிக்கிறார்கள். மஞ்சள் காமாலை என்பது ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கூடிய நிலை, அவ்வளவுதான். சிவப்பணுக்கள் அளவுக்கு மேல் உடைந்தாலும் கூடும், கல்லீரல் கெட்டாலும் கூடும், பித்தக்குழாய் அடைத்தாலும் கூடும். குழாய் முழுதாக அடைத்திருந்தால் நிறம் கொடுக்கும் பிலிருபின் குடலை எட்டாது, மலம் வெளிறிக் களிமண் நிறத்தில் போகும், சிறுநீர் அடர்ந்த நிறமாகும், தோலில் அரிப்பும் வரும். சிவப்பணு உடைவதால் வந்த மஞ்சளில் மலம் வெளிறாது. பரிசோதனைக்கூடத்துக்குப் போகும் முன்பே இவ்வளவு தெரிந்துவிடுகிறது.

இடமும் சில நேரம் ஏமாற்றும். மாரடைப்பில் இடது கையோ தாடையோ வலிப்பது உண்டு, இதயத்திலிருந்து வரும் நரம்புகளும் கையிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே பகுதியில் சேர்வதால் வலி எங்கிருந்து வருகிறது என்று மூளைக்குப் புரிவதில்லை. செடி வாடுவதும் இந்த ரகம். தெரிவது இலையில், கோளாறு பெரும்பாலும் கீழே. தண்ணீர் இல்லாவிட்டாலும் வாடும், தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் வாடும், இரண்டாவது நிலையில் இன்னும் தண்ணீர் ஊற்றினால் செடி செத்துப்போகும். பாக்டீரியா வாடல் நோயாக இருந்தால் அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு, யார் வேண்டுமானாலும் செய்யலாம். வாடிய தக்காளிச் செடியின் தண்டை அடிப்பக்கமாக வெட்டி, வெட்டிய முனை மட்டும் முங்கும்படி தெளிந்த தண்ணீருள்ள கண்ணாடி டம்ளரில் அசையாமல் பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக, மெல்லிய பால் இழை ஒன்று கீழ்நோக்கி இறங்கும். தண்டின் நீர்க்குழாய்களை அடைத்துக்கொண்டிருந்த பாக்டீரியாவும் அது சுரந்த பசையும்தான் அது. பியூசேரியம் பூஞ்சையால் வந்த வாடலில் தண்டின் உள்ளே பழுப்புக் கோடு இருக்கும், ஆனால் இழை இறங்காது.

நோய் இருந்தும் அறிகுறியே இல்லாத நிலையும் உண்டு. நியூயார்க்கில் சமையல்காரராக இருந்த மேரி மாலன் டைபாய்டு கிருமியைச் சுமந்து பலருக்குப் பரப்பினார், 1907இல் அவரைத் தனிமைப்படுத்தினார்கள், ஆனால் அவருக்கு டைபாய்டின் அறிகுறி எதுவும் தெரியவில்லை. கிருமி ஒன்றே, அதற்கு உடம்பு காட்டும் பதில் ஆளுக்கு ஆள் வேறு.

இணையத்தில் ஓர் அறிகுறியைத் தேடிப் பயந்துபோகிறவர்களுக்காக ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு நோய் 10,000 பேரில் ஒருவருக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். அந்த நோய் வந்தவர்களில் 90 சதவீதம் பேருக்குக் குறிப்பிட்ட ஓர் அறிகுறி இருக்கும், நோய் இல்லாதவர்களிலும் 5 சதவீதம் பேருக்கு வேறு காரணங்களால் அதே அறிகுறி இருக்கும் என்போம். ஒரு லட்சம் பேரை எடுத்தால் நோயாளிகள் 10 பேர், அறிகுறி உள்ள நோயாளிகள் 9 பேர். நோயில்லாமல் அறிகுறி மட்டும் உள்ளவர்களோ கிட்டத்தட்ட 5,000 பேர். 'இந்த நோயில் இந்த அறிகுறி வரும்' என்பது முழு உண்மை, ஆனால் அதைத் திருப்பிப் போட்டு 'இந்த அறிகுறி இருந்தால் இந்த நோய்' என்று படித்தால் 500க்கும் மேற்பட்ட தடவைகளில் ஒரு தடவைதான் சரியாக வரும். தலைவலியையும் மூளைக்கட்டியையும் சேர்த்துப் பார்த்துத் தூக்கம் இழப்பவர்கள் செய்வது இந்தத் திருப்பிப் போடுதலைத்தான்.

இரண்டாவது, மூன்றாவது தகவல் சேரும்போதுதான் கணக்கு மாறுகிறது. கன்னத்தின் உள்பக்கம், கடைவாய்ப் பற்களுக்கு எதிரே உப்புத் துகள் போன்ற வெண்புள்ளிகள் தெரிந்தால் அநேகமாகத் தட்டம்மைதான் என்று சொல்லிவிடலாம், ஆனால் அப்படி ஒன்றைக்கொண்டே முடிவு செய்யும் அறிகுறிகள் மிகச் சில. மற்றபடி, எத்தனை பேருக்கு, எப்போது, எந்த வரிசையில் என்பவையே துப்பு. ஒன்றாகச் சாப்பிட்ட எல்லோரும் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் ஸ்டபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா முன்கூட்டியே உணவில் விட்ட நச்சைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள், மறுநாள் காய்ச்சலோடு பேதி தொடங்கினால் சால்மோனெல்லா போன்ற கிருமி குடலில் பெருக நேரம் எடுத்திருக்கிறது என்று பொருள். வயலிலும் இதேதான்: நாலு செடியில் தொடங்கித் திட்டுத் திட்டாகப் பரவினால் உயிருள்ள காரணம், ஒரே இரவில் பயிர், களை என்று பார்க்காமல் எல்லா இலையும் ஒரே பக்கம் கருகியிருந்தால் காற்றில் வந்த களைக்கொல்லியா, பனியா என்று முதலில் கேட்க வேண்டும்.