மிதிக்கும்போது குளிராது

ஆனி பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் இருக்கும் என் பிசியோதெரபி அறைக்கு இரண்டு வகை ஆட்கள் கூடுதலாக வருவார்கள். குற்றாலத்துப் பாறையில் வழுக்கிக் கணுக்காலைப் பிசகவைத்துக்கொண்டவர்கள் ஒரு வகை. நிதி திரட்டும் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு, 'முழங்கால் தாங்குமா, பார்த்துச் சொல்லுங்கள்' என்று வருகிறவர்கள் இன்னொரு வகை. இவர்கள் வெயிலைப் பற்றிக் கேட்பார்கள், தண்ணீரைப் பற்றிக் கேட்பார்கள், எந்த சீட் நல்லது என்று கேட்பார்கள். காற்றைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. குளிரைப் பற்றி நானாகப் பேச்செடுத்தால் சிரிப்பார்கள். மே மாத வெயிலைத் தாண்டி வந்த திருநெல்வேலிக்காரரிடம் குளிர் என்றால் சிரிக்கத்தான் செய்வார்.

நானும் சிரித்தவன்தான். இப்படிப்பட்ட பயணங்களுக்குப் பின்னால் வரும் உதவி வேனில் சில ஆண்டுகள் உட்கார்ந்து போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

வழக்கமான பாதை இதுதான்: பாளையங்கோட்டையில் விடியுமுன் புறப்பட்டு, தாமிரபரணிப் பாலம் கடந்து, சீதபற்பநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம், தென்காசி வழியாகக் குற்றாலம், அதே வழியில் திரும்புதல். போக வர ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அந்தப் பாலம் 1843இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தது. தர்ம காரியத்துக்குப் போகிறவர்கள் அதன் மேல் ஏறித் தொடங்குவதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி உண்டு.

பாலத்தைத் தாண்டி மேற்கே திரும்பினால் கணக்கு மாறிவிடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை அதைச் சுவர்போல மறிக்கிறது. செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவுப் பக்கம் அந்தச் சுவரில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அகன்ற வாய்க்கால் மடையருகே குறுகும்போது தண்ணீருக்கு விசை கூடுவதுபோல, கணவாயில் நெருக்கப்பட்ட காற்று இந்தப் பக்கம் பாய்ந்து வருகிறது. ஆலங்குளம் வட்டாரத்தில் காற்றாலைகளை நட்டுவைத்திருப்பது அதை நம்பித்தான். தென்காசிக் கோபுர வாசலில் ஆடி மாதம் நின்றவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை; சேலையையும் வேட்டியையும் பிடித்துக்கொண்டு உள்ளே போகிற அனுபவம் அது.

இந்தக் காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதிப்பது என்றால் என்ன? காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால் அவர் மார்பில் மோதுவது 40 கிலோமீட்டர் காற்று. காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கு, தடை நான்கு மடங்கு. அதே 20இல் போயே தீருவேன் என்று மீட்டரைப் பார்த்தபடி மிதிக்கிறவர் சமதளத்தில் ஒரு மலை ஏறிக்கொண்டிருக்கிறார். மலை என்றால் கண்ணுக்குத் தெரியும், மனிதன் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்வான். காற்று கண்ணுக்குத் தெரியாததால் தன் காலைத்தான் குறை சொல்லிக்கொள்கிறான்.

மீட்டரை மறந்துவிடுங்கள். பக்கத்தில் வருகிறவரோடு ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? அதுதான் உங்கள் வேகம். அது மணிக்கு 13 கிலோமீட்டராக இருந்தால் 13தான். கியர் வண்டியாக இருந்தால் கால் இலேசாகச் சுழலும் கியருக்கு இறங்கிவிடுங்கள். கனமான கியரை வைத்துக்கொண்டு எதிர்க்காற்றில் நெம்பி நெம்பி மிதிப்பதன் பலனை மறுநாள் என் அறையில் பார்க்கிறேன்: முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலி, மாடிப்படி இறங்கும்போது கூடுதல் வலி. நிமிடத்துக்கு எண்பது சுற்று என்று கால் சுழன்றால் ஒவ்வொரு மிதிக்கும் மூட்டின்மேல் விழும் பாரம் குறையும்.

கையிலும் ஒரு கோளாறு வரும். காற்று வண்டியை ஆட்ட ஆட்ட, கைப்பிடியை நெரிப்பதுபோல் பிடித்துக்கொள்கிறார்கள். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கமாக ஒரு நரம்பு மேலாக ஓடுகிறது. இரண்டு மூன்று மணி நேரம் அதை நசுக்கினால் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். சிலருக்கு ஒரு வாரம்வரை சட்டைப் பொத்தான் போடச் சிரமமாக இருந்திருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பிடியை மாற்றுங்கள். முழங்கையை இலேசாக மடக்கி வைத்திருந்தால் காற்றின் உதறல் தோள்வரை ஏறாது.

காற்று எங்கிருந்து வருகிறது என்று அறிய இந்தப் பாதையில் செயலி எதுவும் வேண்டாம். காற்றாலையைப் பாருங்கள். அதன் இறக்கைகள் காற்று வரும் திசையைப் பார்த்துத்தான் திரும்பி நிற்கும். அது உங்கள் முகத்தைப் பார்த்து நின்றால் முன்னே போகிறவரின் பின் சக்கரத்தை ஒட்டிச் செல்லலாம். உழைப்பில் கால்பங்குக்கு மேல் மிச்சமாகும். ஆனால் பழகாதவர்கள் ஒரு சைக்கிள் நீளமாவது இடைவெளி விட வேண்டும். முன்னே போகிறவர் குழியைக் கண்டு விலகும்போது பின்னே வருகிறவருக்கு அந்தக் குழி தெரியாது. காற்றாலை பக்கவாட்டில் பார்த்து நின்றால் அது வேறு ஆபத்து. நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகிற பயணங்களில் இதை நேராகவே பார்க்கலாம். தெற்கே போகும்போது காற்று வலப்பக்கத்திலிருந்து அடிக்கிறது. விழாமலிருக்க நீங்கள் வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுகிறீர்கள். அந்த நேரம் ஒரு பஸ் வலப்பக்கமாக முந்துகிறது. ஒரு நொடி காற்று அற்றுப்போகிறது. சாய்ந்த உடம்பு சாய்ந்தபடியே பஸ்ஸை நோக்கிப் போகிறது. பஸ் தாண்டியதும் காற்று மறுபடி அறைகிறது. திரும்பி வடக்கே வரும்போது அதே காற்று இடப்பக்கத்திலிருந்து உங்களைச் சாலையின் நடுவுக்குத் தள்ளும். பின்னால் கனரக வண்டிச் சத்தம் கேட்டால் வேகத்தைக் குறைத்து, சாய்வை நிமிர்த்தி, ஓரமாக இடம் வைத்துக்கொள்ளுங்கள். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் இதில் எதுவும் நடக்காது.

இனிக் குளிருக்கு வருகிறேன். எனக்குச் சிரிப்பை நிறுத்திய நாளைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று குற்றாலத்தில் நல்ல சாரல். வேனில் இருந்த வெப்பமானி 23 டிகிரி காட்டியது. முப்பது பேரும் பத்து மணிவாக்கில் வந்து சேர்ந்தார்கள். திறந்த வெளியில் மேடை போட்டிருந்தார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை. காசோலை கொடுக்கும் படம் மூன்று கோணங்களில். நனைந்த பனியனும் நனைந்த கால்சட்டையுமாக அவர்கள் நின்றது நாற்பது நிமிடம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அண்ணாச்சி வரிசையிலிருந்து விலகி வேனருகே வந்தார். ஹெல்மெட்டின் வாரைக் கழற்ற முயன்றுகொண்டே இருந்தார். கொக்கியை விரல் தொடுகிறது, அழுத்த முடியவில்லை. "என்ன அண்ணாச்சி?" என்றேன். "ஒன்றுமில்லை" என்றார். அந்த ஒரு சொல்லே குழறியது.

முதலில் குளூக்கோமீட்டரை எடுத்தேன். அவருக்குச் சர்க்கரை உண்டு. சர்க்கரை இறங்கினாலும் வாய் குழறும், கை நடுங்கும். 70க்குக் கீழே இருந்தால் சீனி கொடுப்பதுதான் முதல் வேலை. 112 காட்டியது. அடுத்து, "கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடுங்கள்" என்றேன். அவரால் முடியவில்லை. உடம்பு குளிர்ந்திருக்கிறது என்பதற்கு இது எளிய சோதனை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால்தான் அதற்கு மருத்துவத்தில் தனிப் பெயர். அவர் அந்த அளவுக்குப் போயிருந்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கையால் அவர் பிரேக் பிடித்திருக்க முடியாது.

ஈரத்துணி அனைத்தையும் களைந்து, உலர்ந்த வேட்டியை மார்பிலும் வயிற்றிலும் சுற்றி, போர்வை போர்த்தி, சன்னலை அடைத்த வேனில் உட்கார வைத்தோம். கைகாலைத் தேய்க்கவில்லை; முதலில் சூடு ஏற வேண்டியது நடு உடம்பு. சூடாகக் கருப்பட்டிக் காப்பி, அளவாக. நண்பர் ஒருவர் 'கொஞ்சம் உள்ளே போட்டால் சூடேறும்' என்று கண் காட்டினார். மது தோலுக்கடியில் உள்ள நாளங்களை விரியச் செய்து, உள்ளே மிச்சமிருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும். ஏறுவதுபோல் தோன்றுவது வெறும் தோற்றம். இருபத்தைந்து நிமிடத்தில் விரல்கள் ஒன்றையொன்று தொட்டன. நடுக்கம் நின்ற பிறகும் குழறல் தொடர்ந்தாலோ, ஆள் தூங்கி விழுந்தாலோ 108ஐ அழைப்பதில் தாமதிக்கக் கூடாது. குணமாகி நடுக்கம் நிற்பது வேறு, நடுங்கவும் தெம்பில்லாமல் நிற்பது வேறு.

அந்த நாற்பது நிமிடமும் மற்றவர்களைத் தாங்கியது எது என்று பிறகு யோசித்தேன். மேடையேறியவர்களுக்குப் போர்த்திய பொன்னாடைதான். அதற்கு மருத்துவப் பயன் உண்டு என்று அன்றுதான் கண்டேன்.

23 டிகிரியில் இது எப்படி நடந்தது? சைக்கிள் மிதிக்கும்போது நாம் செலவழிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குப் போவதில்லை. மிச்சமெல்லாம் சூடு. மிதிக்கிறவரைக்கும் நீங்கள் எரிகிற அடுப்பு, எந்தக் காற்றும் பெரிதாகத் தெரியாது. நிறுத்தியதும் அடுப்பு அணைகிறது. ஆனால் மேலே ஈரம் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. மண்பானையைக் காற்றோட்டத்தில் வைத்தால் தண்ணீர் ஏன் குளிர்கிறது? அதே வேலைதான். ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆகவே, எங்கள் பயணங்களில் ஆபத்தான இடம் சாலை அல்ல, நிற்கும் இடம். டீக்கடை, மேடை, பஞ்சர் ஒட்டும் புளியமரத்தடி.

நின்ற ஐந்து நிமிடத்துக்குள் நனைந்த மேல்சட்டையை மாற்றுங்கள். பருத்திப் பனியன் இந்த வேலைக்கு ஆகாது; உறிஞ்சிய ஈரத்தை விடாது. கால்பந்து ஆடுகிறவர்கள் போடும் பாலியஸ்டர் சட்டை ஐம்பது மடங்கு மேல் என்று சொல்லத் தோன்றுகிறது. அளந்து சொல்லவில்லை, அலுத்துச் சொல்கிறேன். அதன் மேல் கையில்லாத மெல்லிய விண்ட்சீட்டர் போதும். தொளதொளத்த மழைக்கோட்டு பாய்மரம்போலக் காற்றைப் பிடித்துக்கொள்ளும், உள்ளே வியர்வையில் புழுங்கவும் வைக்கும். தோளில் துண்டு வேண்டாம்; காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கு வந்துவிடும். எதுவும் கையில் இல்லையா? செய்தித்தாள் நான்கு மடிப்பை மார்புக்கும் சட்டைக்கும் நடுவில் சொருகிக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மலைப்பாதைப் பந்தயங்களில் சிகரத்திலிருந்து இறங்கும் வீரர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது. எங்கள் வேனில் பழைய பேப்பர் கட்டு ஒன்று எப்போதும் கிடக்கும்.

அருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'சீசனுக்கு வந்துவிட்டுக் குளிக்காமல் திரும்புவதா?' என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, நானே குளிப்பேன். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டி, உலர்ந்த உடுப்புக்கு மாறி, ஏதாவது சாப்பிட்டு, முதல் மூன்று நான்கு கிலோமீட்டரை இலேசாக மிதித்தபடி மெதுவாகப் போங்கள். குளிர்ந்த தசையை எடுத்த எடுப்பில் முடுக்கினால் கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். சக்கரத்தின் ரிம்மைக் கட்டை பிடிக்கும் பிரேக், ஈரத்தில் தாமதமாகத்தான் பிடிக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ச்சியான நாளில் தாகம் எடுக்காது. வியர்வையும் தெரியாது, காற்று துடைத்துக்கொண்டு போய்விடும். குளிரில் தோல்நாளங்கள் சுருங்குவதால் சிறுநீர் வேறு கூடுதலாகப் போகும். கால் மணிக்கு ஒரு முறை இரண்டு மிடறு குடியுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளானால் குறைவு என்று பொருள். அதற்காக வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராக ஏற்றிக்கொள்வதும் தவறு, இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். உப்புப் போட்ட மோரோ, ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்ததோ நடுநடுவே இருக்கட்டும். சாப்பாடும் அப்படித்தான்: மணிக்கு ஒரு வாழைப்பழம், இரண்டு கடலை மிட்டாய். அடுப்புக்கு விறகு வேண்டும்.

திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளும். எல்லோரும் வீரர்களாகிவிடுவார்கள். பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரல் விட்டுப்போய் வெயில் வந்துவிடும். காற்றோடு சேர்ந்து அதே வேகத்தில் போகிறவருக்கு மேலில் காற்றே படாது. காலையில் வெடவெடத்த அதே ஆள் ஆலங்குளத்தில் தலை சுற்றி உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறேன். விண்ட்சீட்டரைக் கழற்ற மறந்திருந்தார்.

இந்த ஆண்டு புறப்பாட்டை காலை நான்கரை மணிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன். வெயில் ஏற ஏறத்தான் தரைக்காற்று வலுக்கும். அதற்குள் ஆலங்குளத்தைத் தாண்டிவிடலாம். மேடையும் வேண்டாம், குற்றாலத்தில் நான்கு சுவருள்ள ஒரு மண்டபம் பிடியுங்கள், உடை மாற்றிய பிறகு விழாவைத் தொடங்குங்கள் என்றேன். அமைப்பாளர்கள் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார்கள். மண்டபம் கிடைத்துவிட்டதால் வாழ்த்துரைக்கு இன்னும் நான்கு பேரைச் சேர்த்திருக்கிறார்களாம்.