வெப்பக் கடத்துதிறன்: பச்சை மரமும் காய்ந்த மரமும்

பொள்ளாச்சிப் பக்கம் மரம் அறுக்கும் மில் எதற்காவது போனால் ஒன்று செய்து பாருங்கள். நேற்று அறுத்த வேப்பம் பலகை ஒன்று, நடுநடுவே ரீப்பர் என்ற மெல்லிய சட்டங்களைக் கொடுத்து அட்டியாக அடுக்கி மாதக்கணக்கில் காற்றில் காய்ந்த வேப்பம் பலகை ஒன்று. இரண்டும் ஒரே நிழலில்தான் கிடக்கும். உள்ளங்கையை வைத்தால் புதுப் பலகை சில்லென்று இருக்கும், காய்ந்தது அப்படி இருக்காது. "பச்சை மரமுங்க, சூட்டை இழுக்குமுங்க" என்பார்கள் அங்கே. மேலே ஈரம் ஆவியாவதும் அந்தச் சில்லிப்புக்கு ஒரு காரணம்தான். ஆனாலும் அந்த 'இழுக்கும்' என்ற சொல்லுக்குள் தெர்மல் கண்டக்டிவிட்டி இருக்கிறது.

தமிழில் வெப்பக் கடத்துதிறன். 'கண்டக்ட்' லத்தீனில் கூட்டிக்கொண்டு போவதைக் குறித்த சொல். பஸ் கண்டக்டருக்கும் அதே வேர். நம் சொல் வேறு இடத்திலிருந்து வருகிறது. கட என்றால் தானே கடப்பது, கடத்து என்றால் இன்னொன்றைக் கடக்க வைப்பது. பவானியில் பரிசல்காரர் ஆளை அக்கரைக்குக் கடத்திவிடுகிறாரே, அது. சத்தியமங்கலம் பக்கம் கடத்தல் என்றாலே சந்தனக்கட்டைதான் நினைவுக்கு வரும். அதற்காக இவ்வளவு பொருத்தமான சொல்லை விட்டுவிடக் கூடாது. வெப்பம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவது வெப்பக் கடத்தல். ஒரு பொருள் அதை எவ்வளவு எளிதாகப் போகவிடும் என்ற இயல்பே கடத்துதிறன். 'கடத்துத்திறன்' என்றும் அச்சிடுகிறார்கள். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது. நான் ஒற்றில்லாமல்தான் எழுதுகிறேன்.

சரி, அளவு. ஒரு மீட்டர் கனம், ஒரு சதுர மீட்டர் பரப்பு, இரு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் என்றால், நொடிக்கு எத்தனை ஜூல் கடக்கிறது என்பதே கணக்கு. அசையாத காற்றுக்கு இது சுமார் 0.025, தண்ணீருக்கு 0.6. காய்ந்த மரத்துக்குப் பெரும்பாலும் 0.1 முதல் 0.2 வரை. மரத்தின் நுண்குழல்களில் காற்று இருந்தால் வெப்பம் தயங்கும், தண்ணீர் இருந்தால் ஓடும். பச்சை மரத்தில் இரண்டு மடங்குக்கு மேலும் போகும்.

உலரும் மரத்தில் இதை அளப்பதுதான் சிரமம். வழக்கமான முறையில் துண்டின் ஒரு பக்கம் சூட்டுத் தகடு, மறுபக்கம் குளிர்ந்த தகடு வைத்து, வெப்ப ஓட்டம் நிலைப்படும் வரை காத்திருக்க வேண்டும். ஈர மரத்தில் அதற்குள் உள்ளே இருக்கும் ஈரம் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு நகர்ந்துவிடும். ஆரம்பத்தில் வைத்த துண்டு வேறு, அளந்து முடிக்கும்போது இருக்கும் துண்டு வேறு. அதனால் மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே வைத்துக் கொஞ்ச நேரம் மட்டும் சூடாக்கி, கம்பியின் சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்க்கிறார்கள். மெதுவாக ஏறினால் மரம் வெப்பத்தை நன்றாகக் கடத்துகிறது என்று அர்த்தம்.

ஒவ்வொரு முறையும் துண்டை எடை போட வேண்டும். கடைசியில் 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை குறைவது நிற்கும் வரை காயவைத்து, காய்ந்த எடையை வைத்து ஈரப்பதம் போடுவார்கள். 1,500 கிராம் துண்டு 1,000 கிராமில் நின்றால் ஈரப்பதம் 50 சதவீதம். மரத்தின் கடத்துதிறன் என்று ஒற்றை எண்ணை எங்கே பார்த்தாலும், எந்த ஈரப்பதத்தில் என்று தேடுங்கள். அப்புறம், நாருக்குக் குறுக்கே அளந்ததா, நார் ஓடும் திசையிலா என்றும். நாரோடு போனால் எண் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிடும்.